தொப்புள் உள்ள கோலிகள்

மச்சான்,

இன்று காலை கடலூர் ஓ.டி.யில், அந்தப் பழைய டவுன் காயலான் கடையில் ஒரு பழைய பிஸ்கட் டின்னைத் திறந்ததும் துருவும் மண்ணெண்ணெயும் கலந்த அந்த வாடை குப்பென்று அடித்தது. வேறு யாராக இருந்தாலும் முகத்தைத் திருப்பியிருப்பார்கள். நான் மூக்கை இன்னும் உள்ளே விட்டுக்கொண்டு, உன்னைக் கூப்பிட வாயெடுத்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் கடைக்காரர்தான் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். சிதம்பரத்து சார் வரவில்லையா என்று கேட்டார். அவருக்கு இன்னும் தெரியாது. நானும் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் அந்தக் கடையிலும் நீ இல்லாமல் போய்விடுவாய் என்று பயமாக இருந்தது.

அதே கடையில்தான், இதே மாதிரி ஒரு டின்னுக்குள் உன் கையும் என் கையும் முட்டிக்கொண்டன. நான் சிப்காட்டில் ஒரு சாயக் கம்பெனியின் லேபில் இருந்தேன். நீ சிதம்பரத்தில் வங்கிக் கேஷியர். நரை தட்டத் தொடங்கிய இரண்டு ஆம்பளைகள் ஒரு கோலிக்காக முறைத்துக்கொண்டு நின்றோம். "நீங்களே எடுத்துக்குங்க மச்சான், எனக்கு வாணாம். அது சோடா பாட்டில் கோலி" என்றாய். முன்பின் தெரியாதவனை மச்சான் என்றாய், அதோடு அவன் கையில் இருந்ததற்கு மதிப்பில்லை என்றும் சொன்னாய். ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்த பொக்கிஷம் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் நீ சொன்னதுதான் சரி.

நீ அப்படிக் கூப்பிட்ட பாவத்துக்கு உன் மனைவி என்னை அண்ணே என்றாள், உன் மகன் மாமா என்றான். கல்யாணம் காட்சி எதுவும் இல்லாத தனிக்கட்டைக்கு ஒரு தங்கச்சி கிடைத்தாள். பொங்கலுக்கு ஒரு வீடும் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் பிடித்து செம்மண்டலத்தில் என் வீட்டுக்கு வந்துவிடுவாய். என் சமையலறை ஜன்னலில் வெயில் விழும் இடத்தில் துண்டை விரித்துக் கோலிகளைப் பரப்புவோம். முதலில் தொப்புள் பார்ப்பது. கண்ணாடித் தண்டைச் சூட்டோடு முறுக்கி, கத்தரித்து, கையால் உருட்டிய பழைய கோலிக்குக் கத்தரித்த இடத்தில் சொரசொரப்பாக ஒரு வடு நிற்கும். அதற்கு நாம் வைத்த பெயர் தொப்புள். மெஷினில் உருண்டு வந்ததற்கு அது கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் தடவியே சொல்லிவிடுவாய். அடுத்து ஊதா விளக்கு. வங்கியில் நோட்டு சோதிப்பார்களே, அதே மாதிரி ஒன்றைச் சொந்தமாக வாங்கி வைத்திருந்தாய். கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு அதை அடித்தால் பழைய கண்ணாடிகளில் சில பச்சையாக ஒளிரும். நீ மூச்சைக்கூட விட மாட்டாய்.

அதன் பிறகுதான் சண்டை. ஐந்துக்கு எத்தனை என்று மதிப்புப் போட வேண்டுமே. நான் தோலைப் பார்க்கிறவன். கீறல் இருந்தால் ஒன்று குறை, சில்லு பெயர்ந்திருந்தால் இரண்டு குறை, உலகம் முழுக்க அப்படித்தான் போடுகிறார்கள் என்று சட்டம் பேசுவேன். நீ வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்ப்பாய். "அடிபடாத கோலி ஒரு கோலியா மச்சான்? எவனும் வெளயாடலன்னா அது எதுக்குப் பொறந்துச்சு?" என்பாய். நான் இரண்டு என்றால் நீ நாலு. சாப்பாட்டு நேரம் வரை இழுபறியாகி மூன்றில் வந்து நிற்கும். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நமக்குள் சண்டை வந்ததில்லை. பழைய கோலிக்கு பாலிஷ் போடக்கூடாது. கீறல் போகட்டும் என்று தேய்த்தால் தொப்புளும் சேர்ந்து தேய்ந்துபோகும், பிறகு அதை எவரும் சீந்த மாட்டார்கள். பாலிஷ் போட்டதைக் கொண்டுவந்து காட்டிய பாண்டிச்சேரி வியாபாரியைத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் அனுப்பினாயே.

முப்பதாம் நாள் படையலுக்கு உன் வீட்டுக்குப் போயிருந்தேன். இலையில் இறால் வறுவலும் அதிரசமும், பக்கத்தில் உன் வேட்டி சட்டை, மூக்குக்கண்ணாடி. நடுவில் ஒரு எவர்சில்வர் தட்டில் உன் கோலிகள். சாம்பிராணிப் புகைக்கு நடுவிலும் கண் கூசும் அளவுக்குப் பளபளத்தன.

உன் மகன் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "அப்பா பொருளு மங்கலா கெடந்துச்சு மாமா. படையல்ல அப்பிடியேவா வெக்கிறதுன்னு திருச்சில கல்லு தீட்டுறவருகிட்ட குடுத்து, எல்லாத்தையும் பாலிஷ் போட்டுட்டேன்" என்றான். சென்னை வேலையில் கிடந்து உன்னை ஆஸ்பத்திரியில்கூடப் பார்க்க முடியாமல் போனவன். உனக்காக அவன் செய்ய முடிந்த ஒரே காரியம் அது. நான் ஒன்றை எடுத்து நகத்தால் தடவினேன். வழுக்கிக்கொண்டு போனது. இன்னொன்றை எடுத்தேன், அதுவும் அப்படியே. உன் சாவன்று வராத அழுகை எனக்கு அப்போது வந்தது. தோளைத் தட்டிக்கொடுத்து யாரோ என்னை நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு தங்கச்சி அந்தத் தட்டோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். கோலி ஆடும் கேஷியர் என்று சொந்தக்காரர்கள் முன்னால் உன்னை வாரியவள்தான். மகனும் பக்கத்தில் நின்றான்.

"அண்ணே, மறைக்காம சொல்லுங்க. ஞாயித்துக்கெழமன்னா ஒரு நாளு ஊட்டுல தங்கல. நானும் திட்டாத திட்டு இல்ல. இதுல நெசமாவே எதுனா இருக்குதா, இல்ல சும்மா பைத்தியமாட்டம் அலைஞ்சாரா?"

விலை தெரிந்து அவளுக்கு ஆக வேண்டியது ஒன்றும் இல்லை. கூட வாழ்ந்த மனுஷன் உருப்படியாக எதையாவது செய்தானா என்று தெரிய வேண்டும். என் வாய் உனக்குத் தெரியும். எதிரில் இருப்பவர் மனம் நோகுமே என்று நான் மதிப்பைக் கூட்டிச் சொன்னதே இல்லை. சேகரிப்பவர்கள் கணக்குப்படி அந்தத் தட்டில் இனி ஒன்றுமே இல்லை. அதைச் சொன்னால் அவளுக்கு நீ பைத்தியம். மகனோ அப்பன் சேர்த்ததை நாமே அழித்தோம் என்று காலம் முழுக்கக் கிடந்து புழுங்குவான். ஏதோ சொல்லிச் சமாளித்தால், உன் பொருளுக்கே பொய் மதிப்புப் போட்டவன் ஆவேன்.

வேறு வழி தெரியாமல் நீ செய்வதைச் செய்தேன். ஒன்றை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். நடுவில் வெள்ளை நூல் வலை. அதைச் சுற்றிச் சிவப்பும் நீலமுமாகக் கோடுகள் முறுக்கிக்கொண்டு ஓடி, இரண்டு முனையிலும் ஒன்றுகூடின. தொப்புள் இருந்த இடம் அதுதான். கை முறுக்கிய முறுக்கு அப்படியே இருந்தது, மச்சான். உன்னோடு அத்தனை வருஷம் உட்கார்ந்தும் நான் ஒரு கோலிக்குள் அவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை.

அதை அவள் கையில் கொடுத்தேன். "உள்ள பாரு தங்கச்சி. எவனோ ஒருத்தன் நெருப்பு முன்னால நின்னு கையால முறுக்குனது. இதே மாதிரி இன்னொண்ணு கெடையாது. மேல அடிபட்டாலும் தேச்சாலும் உள்ள இருக்கறது போவாது. அவரு அதத்தான் பாத்தாரு. நான்தான் தோலப் பாத்துக்கிட்டுக் கெடந்தேன்."

அவள் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள், பிறகு அதற்கு அடுத்தது. பாலிஷ் போட்டதால் உள்ளே நன்றாகத் தெரிகிறது அல்லவா மாமா என்று மகன் கேட்டான். ஆமாம் தம்பி, நன்றாகத் தெரிகிறது என்றேன். அது பொய் இல்லை.

எல்லாவற்றையும் என்னிடமே கொடுத்தனுப்புவதாக இருந்தாளாம். கிளம்பும்போது, "இங்கியே இருக்கட்டும்ணே. அவரு இன்னா பாத்தாருன்னு நானும் பாக்குறேன்" என்றாள். புடவை முந்தானையால் தட்டை மூடி உள்ளே எடுத்துப் போனாள்.

கடலூர் வந்து சேரும் வரை பஸ்ஸில் உன்மேல் ஆத்திரமாக இருந்தது. நீ சொல்வதுதான் சரி என்று ஒரு தடவையாவது என் வாயிலிருந்து பிடுங்கிவிட வேண்டும் என்று எத்தனை ஞாயிற்றுக்கிழமை மல்லுக்கட்டியிருப்பாய். கடைசியில் நான் அதைச் சொன்னபோது நீ மாலை போட்ட படமாகச் சுவரில் இருந்தாய்.

இப்போதும் துண்டை விரிக்கிறேன். ஒன்றை எடுத்துத் தடவிப் பார்த்து இரண்டு என்கிறேன். நாலு என்று சொல்ல ஆள் இல்லாததால் அது இரண்டாகவே நின்றுவிடுகிறது. சில நாள் உன் பக்கத்தையும் நானே எடுத்துக்கொண்டு, உன்னைப் போலவே சத்தம் போட்டு வாதாடிப் பார்க்கிறேன். சாப்பாட்டு நேரம் வரை இழுக்க முடிவதில்லை. சீக்கிரமே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், மச்சான்.