வலது கால் மட்டும்

பிப்ரவரி 20, வெள்ளி

சாம்பல் புதனுக்குப் பூசின நெற்றிச் சாம்பல் முழுதாக அழிவதற்குள் கோவில் பங்குப் பேரவையில் சண்டை. பெரிய வியாழனன்று, இயேசு சீடர்களுக்குக் கழுவின மாதிரி, ஃபாதர் பாதம் கழுவும் பன்னிரண்டு பேர் யார் யார் என்று. போன வருடம் உட்கார்ந்தவர்களே இந்த வருடமும் வேண்டும் என்கிறார்கள். கடைசியில் ஆள் சேர்க்கிற வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து இந்தப் பஞ்சாயத்து வேறு. இதுதான் தவக்காலம் போல.

வீட்டுக்கு வந்து இவருக்குக் கட்டு மாற்றினேன். சர்க்கரைப் புண்ணில் இரண்டு கால்விரல்களை எடுத்ததிலிருந்து இவர் கோவில் வாசலை மிதிக்கவில்லை. நான் கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார். ஈஸ்டருக்காவது வாங்க என்றேன். "பாக்கலாம்" என்றார். இவருடைய 'பாக்கலாம்' எனக்குத் தெரியாதா?

மார்ச் 6, வெள்ளி

சிலுவைப்பாதை. ஒவ்வொரு தலத்துக்கும் முழங்கால் போட்டேன், மனசு ஒன்றில்கூட நிற்கவில்லை. எல்லாரும் உருகி ஜெபிக்கிறார்கள். எனக்கு மட்டும் ஏன் எரிச்சலாகவே வருகிறது? ஈஸ்டர் வந்தால் மட்டும் என்ன மாறப்போகிறது, இவர் வீட்டிலேயே கிடந்தால்?

மார்ச் 15, ஞாயிறு

இவரைப் பன்னிரண்டில் ஒருவராகச் சேர்க்கலாமா என்று பேரவைச் செயலாளராக இருக்கிற பையனிடம் கேட்டேன். "அண்ணனை வேணாம்னு நான் சொல்லல அண்ணி. முன் வரிசைல சின்னப் புள்ளைங்க இருக்கும். பயந்துரும்" என்றான்.

பயப்படுமாம்! சிலுவையில் ஆணி அடித்த காலை வாராவாரம் அண்ணாந்து பார்க்கிற புள்ளைங்க பயப்படுமாம். வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன். ஏன் முழுங்கினேன்?

இவரிடம் சொல்லவில்லை. அதற்குள் யாரோ இவர் காதில் ஓதிவிட்டார்கள். "என் காலுக்கு சிபாரிசு பண்ணச் சொல்லி உன்கிட்ட யாரு கேட்டா?" அதையும் பேப்பருக்குப் பின்னாலிருந்துதான் கேட்டார்.

மார்ச் 18, புதன்

பேச்சு வார்த்தை இல்லை. கட்டு மட்டும் மாற்றினேன்.

மார்ச் 29, குருத்து ஞாயிறு

பூசை முடிவில் மைக்கில் அறிவித்தேன்: பாதம் கழுவ உட்காருகிறவர்கள் காலை நன்றாகக் கழுவிவிட்டு வரவும். ஃபாதர் தலையில் கை வைத்துக்கொண்டார். "கழுவிட்டு வந்தா நான் எதைம்மா கழுவுறது?" எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் வருடா வருடம் அப்படித்தானே வருகிறார்கள்? போன தடவை ஒருத்தர் காலுக்கு சென்ட் அடித்துக்கொண்டு வந்தார்.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி, காலை

நேற்று பன்னிரண்டாவது நாற்காலி காலி. கட்டாயம் வருகிறேன் என்ற எலக்ட்ரீஷியன் வரவே இல்லை. ஃபாதர் நேராக என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

மதியத்திலிருந்து செருப்பில்லாமல் கோவிலைப் பெருக்கி, நாற்காலி இழுத்துப் போட்டு ஓடின கால். வேறு வழியில்லாமல் உட்கார்ந்தேன். மற்றவர்களுக்கு ஊற்றின தண்ணீர் ஊற்றினபடியே தெளிவாக விழுந்தது. என்னிடம் வந்ததும் கறுத்துவிட்டது. முன் வரிசைப் புள்ளைங்க எட்டி எட்டிப் பார்த்துச் சிரிச்சுதுங்க. மானமே போச்சு. ஃபாதர் மட்டும் அவசரப்படாமல் விரலிடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவினார். வலது கால் மட்டும். எல்லாருக்கும் அப்படித்தான்.

வீட்டில் இவருக்குக் கட்டைப் பிரித்துக்கொண்டே கொட்டித் தீர்த்தேன். "ஒரு கால் வெள்ளை, ஒரு கால் கறுப்பு, அப்படியே தெருவுல நடந்து வர்றேன். எனக்கும்தான் கூசிச்சு. செத்தா போயிட்டேன்?" அழுகை வேறு வந்து தொலைத்தது.

பேப்பர் இறங்கியது. என் கால்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அந்தக் காலைக் குடு" என்றார்.

குனிய முடியாமல் குனிந்து, முனகிக்கொண்டே, புண்ணைத் துடைக்க வைத்திருந்த மீதி வெந்நீரில் கழுவினார். நானும் தடுக்கவில்லை. குதிகால் வெடிப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுக்கு உங்க கடைல ஒரு மருந்தும் இல்லையா?" என்றார்.

ஏப்ரல் 4, சனி, மாலை

ஈஸ்டர் ராத்திரிப் பூசைக்கு இப்போதே நேரமாகிவிட்டது. கதவைப் பூட்டச் சாவியோடு நிற்கிறேன், இந்த மனுஷன் கிளம்பின பாடில்லை. ஆஸ்பத்திரியில் இவர் காலுக்கென்றே தைத்துக் கொடுத்த செருப்பு, வாங்கி வந்த நாளிலிருந்து போட்டதே இல்லை. எங்கே வைத்தோம் என்று அவருக்கும் ஞாபகமில்லை, எனக்கும் இல்லை. கட்டிலுக்கு அடியில் தலையை விட்டுத் தேடிக்கொண்டிருக்கிறார்.