ஃபைலைக் கண்டு ஓடிய கூழ் வண்டி

அன்பு மகள் குழலிக்கு, பிள்ளையார்பாளையத்திலிருந்து அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம், என் மானம் ஒன்றைத் தவிர. கடல் கடந்த கம்பாலா நகரில் நீ வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் உன் அம்மா குறுக்கே புகுந்து கதையைக் கூட்டிச் சொல்வாள், அதனால்தான் கடிதம்.

போன மாதம் வருத்தப்பட்டாயே, தெரு வியாபாரிகளைக் கணக்கெடுக்கப் போனால் வாழைப்பழக்கார அம்மாக்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுகிறார்கள் என்று. நான்கூடப் பெரிய அறிவாளி மாதிரி, விவரம் தெரியாத ஜனங்கள் என்றேன். அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் அம்மா. செவ்வாய்க்கிழமை காலை கோயில் தெரு முனையில் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தேன், கழுத்தில் அட்டையும் கையில் ஃபைலுமாக ஒரு பெண் வந்தாள். இதுவரை ஃபைலோடு வந்தவர்கள் எல்லாம் வண்டியை எடுக்கச் சொல்லத்தான் வந்தார்கள். பதினாறு வருஷப் பழக்கம், மூளையைக் கேட்காமலே கால் கிளம்பிவிட்டது. சொம்பை நீட்டிய ஆளை அப்படியே விட்டுவிட்டு வண்டியோடு சந்துக்குள் பாய்ந்தேன். இளநீர் வெட்டும் சாமுவேல் பின்னாலிருந்து ஏதோ கத்தினார், ஓடுகிறவன் காதில் என்ன ஏறும்?

சந்து முடிவில் கல்யாண மண்டபத்துப் பின்சுவர். அங்கே அரைமணி நேரம் ஒரு வெள்ளாட்டோடு நின்றேன். அது கூழைப் பார்த்தது, நான் அதைப் பார்த்தேன். கடைசியில் சாமுவேலே தேடி வந்து, "யோவ் குப்பு, அடையாள அட்டைக்குப் பேர் எழுதறாங்கோயா, இன்னிக்கி வுட்டா அவ்ளோதான், நாளைக்கி வேற தெரு" என்றார். அந்த அட்டை இருந்தால் நம் இடத்தை விட்டு யாரும் சும்மா விரட்ட முடியாதாம். பதினாறு வருஷம் நின்றவன், எழுத வந்த அரைமணி மட்டும் இல்லை!

மூச்சிரைக்கத் தள்ளி வந்து பார்த்தால், தெருவையே எழுதி முடித்துவிட்டு, நான் போட்டுவிட்டு ஓடிய ஸ்டூலில் அந்தப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். கூழுக்கு வந்த ஆட்டோக்காரர்களிடம், "இருங்கண்ணா, எங்க போயிடுவாரு, வந்துடுவாரு" என்று சமாதானம் வேறு. ஆட்டோ தினேஷ், "இன்னா நைனா, இந்த வயசுல இந்த ஓட்டம்! எங்க கூழ்ல மட்டும் தண்ணி ஊத்துறியா?" என்று மானத்தை வாங்கினான். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே என் பெயரை எழுதிக்கொண்டாள். அட்டைக்கு எடுத்த போட்டோவில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறேன். உன் அம்மா பார்த்துவிட்டு, கல்யாணத்தன்றும் இதே மூஞ்சிதான் என்கிறாள்.

அதனால் சொல்கிறேன், ஓடுகிறவர்கள் பின்னால் நீ ஓடாதே. துரத்தினால் நீயும் துரத்துகிறவள்தான். ஃபைலைப் பைக்குள் வைத்துவிட்டு அவர்கள் கடை போட்ட இடத்தில் உட்கார். வாங்க வருகிறவர்களை நிறுத்தி வை. கட்டாயம் வருவார்கள், வயிறு அங்கேதானே இருக்கிறது. வந்ததும் முதலில் பழம் வாங்கு, பேரம் பேசாதே, அப்புறம் பெயரைக் கேள்.

காமாட்சி உனக்குத் துணையிருப்பாள். கொசுவலை கட்டாமல் படுக்காதே, இது அம்மா சொல்லச் சொன்னது.

இப்படிக்கு,
இனிமேல் நின்ற இடத்தில் நிற்கப்போகும் உன் அப்பா,
குப்புசாமி