முதலில் எதிராளியின் வழக்கு

உன் கறுப்பு அங்கியை இன்று காலை வெயிலில் போட எடுத்தேன். மடிப்பைப் பிரித்ததும் விறகுப் புகையின் வாசனை எழுந்தது. "எங்காத்துல இதை இனிமே யார் போட்டுக்கப் போறா, நீயே வெச்சுக்கோடீம்மா" என்று கல்பாத்தியில் உன் அம்மா என்னிடம் கொடுத்தபிறகு, நான் அதைத் துவைக்கவே இல்லை. எத்தனையோ நாள் கோர்ட்டுக்குப் போன துணி. அதில் கோர்ட்டின் வாசனை கொஞ்சமும் இல்லை. குளிர் தாங்காமல் நீ அதைப் போர்வையாகச் சுற்றிக்கொண்ட அந்த மலைக்குடியின் புகைதான் தங்கியிருக்கிறது.

போடிமெட்டுக்கு இப்பால் பஸ்ஸை விட்டிறங்கி ஏறினோம். நீ வக்கீல், நான் உன் வழக்குக் கட்டுகளைத் தட்டச்சு செய்பவள். உன் கட்சிக்காரி நாச்சிக்காக ஏறினோம். கணவன் போனபின் அவளுக்கென்று இருந்தது ஒரு துண்டு ஏலத்தோட்டம் மட்டுமே. அது தங்கள் வம்சத்து மண் என்று கொழுந்தன் சின்னான் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டிருந்தான். தோற்றால் அவள் அந்தக் குடியை விட்டே போகவேண்டும். இதற்கிடையில் அந்தக் குடியின் சனமும் கூடி விசாரிக்கப்போகிறது என்று சேதி வந்தது. "கோர்ட்டுல கேஸ் நடக்கறச்சே இவா தனியா என்ன விசாரிக்கறது?" என்று நீ கோபத்தோடுதான் கிளம்பினாய்.

ஏற்றத்தில் அடிக்கடி உட்கார்ந்தாய்.

"என்னடி, முடியலையா?"

"காடு நன்னா இருக்குடீ, பாத்துண்டிருக்கேன். உன்னாட்டம் தலையைக் குனிஞ்சுண்டு ஏறறதுக்கா வந்தேன்?"

சாவடி முற்றத்தில் குடி கூடியிருந்தது. தலைவரைக் காணி என்று அழைத்தார்கள். ஒடிசலான மனிதர், வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். நீ பேச எழுந்தபோது கையமர்த்தினார். "நீங்க உக்காருங்கம்மா. சின்னான், எதிராளி பேச்சை மொதல்ல சொல்லு."

உன் முகம் மாறியதைப் பார்த்தேன். அங்கே தன் வழக்கை யாரும் முதலில் சொல்வதில்லை. எதிராளியின் வழக்கைத்தான் சொல்லவேண்டும். அந்த எதிராளி கேட்டு, "அம்புட்டுத்தான்" என்று ஒப்புக்கொள்ளும்வரை தன் வாதத்துக்கு வாய் திறக்கக் கூடாது.

சின்னான் தரையைப் பார்த்தபடி ஆரம்பித்தான். "அண்ணன் படுக்கையில கெடந்தப்ப களை எடுத்தது, காய் பறிச்சது எல்லாம் தான்தான்னு மதினி சொல்லுது."

"அம்புட்டு இல்ல" என்றாள் நாச்சி.

"ராவும் பகலும் அண்ணனையும் பாத்துக்கிச்சு."

"அம்புட்டு இல்ல."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "மறந்துட்டியாப்பா, நாங்க சொல்லவா?" காணி அதட்டினார். சின்னான் இன்னும் தலையைக் குனிந்துகொண்டான். "அப்ப நான் எட்டிக்கூடப் பாக்கல."

"அம்புட்டுத்தான்."

அடுத்து அவள் முறை. அண்ணனும் தம்பியும் சேர்ந்து புதரை வெட்டித் திருத்திய மண் அது என்றாள். அவன் தலையசைத்து மறுத்தான். அவள் அவன் பக்கம் திரும்பினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அந்தத் தோட்டத்துக்குள்ள போனா அவுக அண்ணன் கூப்புடுற மாதிரி இருக்காம். நான் நாளைக்கு யார்ட்டயாச்சும் வித்துட்டா, அதுவும் போயிருமேன்னு பயமாம்."

சின்னான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். "அம்புட்டுத்தான்" என்பது துண்டுக்குள்ளிருந்து வந்தது.

அதன்பின் காணிக்குச் சொல்ல அதிகம் இருக்கவில்லை. தோட்டம் நாச்சிக்கு. அவள் அதை விற்கக் கூடாது. பறிப்புக் காலத்தில் சின்னானும் இறங்கலாம், பங்கு உண்டு. நீ என் காதருகே குனிந்தாய். "எல்லாரும் இப்படிப் பண்ணினா நம்ம பொழப்பு என்னடீ ஆறது?" வேடிக்கையாகத்தான் சொன்னாய். ஆனால் உன் கை என் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தது.

காணி சொன்னபடியே இரு தரப்புக்கும் சமாதானம் என்று நீ எழுதிய ராஜிப் பத்திரத்தை, கோர்ட்டில் முன்சீப் சந்தேகத்தோடு பார்த்தார். யாராவது மிரட்டியிருப்பார்களோ? சின்னானைக் கூண்டில் ஏற்றி, சம்மதமா என்று கேட்டார். அவன் கும்பிட்டுவிட்டு, பழக்கப்படி நாச்சியின் வழக்கைச் சொல்லத் தொடங்கினான். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும்படி சேவகர் அதட்டினார். முன்சீப் பேனாவைக் கீழே வைத்தார். "பறயட்டே" என்றார் மலையாளத்தில், சொல்லட்டும் என்று.

ஆங்கிலத்தில் மட்டுமே வாதம் நடந்து பழகிய அந்த அறையில், ஒருவன் தன்னை எதிர்த்தவளுக்காக, ஒன்றும் விடாமல் பேசிக்கொண்டிருந்தான். பேசி முடித்ததும் அவன் முன்சீப்பைப் பார்க்கவில்லை, கடைசி பெஞ்சில் இருந்த நாச்சியைப் பார்த்தான். அவள் எழுந்து நின்று, "அம்புட்டுத்தான்" என்றாள். நீ அங்கியின் நுனியை விரலில் சுற்றியபடி அசையாமல் நின்றாய். தீர்ப்பில் இதெல்லாம் ஒரு வரிகூட இல்லை. இரு தரப்பும் சமாதானம் என்று மட்டும் இருக்கிறது. இரண்டு சட்டங்கள் ஒன்றுக்கொன்று வழிவிட்டு நின்றதை நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். கோயிலில்கூட எனக்கு அப்படி மெய்சிலிர்த்ததில்லை.

உன் மேல் எனக்கும் ஒரு வழக்கு இருக்கிறது. கடைசியில் உன்னைக் கொண்டுபோன அந்த இதயப் பழுது முன்பே தெரிந்திருந்தும் என்னிடம் ஏன் சொல்லவில்லை?

முதலில் உன் பக்கத்தைச் சொல்லவேண்டும் அல்லவா, சொல்கிறேன். தெரிந்திருந்தால் அந்த மலையை நீ ஏற நான் விட்டிருக்க மாட்டேன். உன் கையிலிருந்த கட்டுகளைப் பிடுங்கியிருப்பேன். எல்லாரும் உன்னை நோயாளியாகப் பார்த்த வீட்டிலிருந்து வந்தவள் நீ. சண்டை போடவும் கேலி செய்யவும் உனக்கு ஒருத்தி வேண்டியிருந்தாள்.

அங்கியை வெயிலிலிருந்து எடுத்து மடிக்கும்போதெல்லாம் இதைச் சொல்லிப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் முன்பு தோன்றாத ஒன்று உன் பக்கத்தில் சேர்கிறது. நீ இன்னும் "அம்புட்டுத்தான்" என்று சொல்லவில்லை. அதுவரை என் வழக்கை நான் எடுக்க முடியாது.