மூன்று வெள்ளிக் கட்டிகள்

ஜனக்புரி, புது தில்லி
8-11-1998

சிரஞ்சீவி சுந்தரேஷுக்கு அக்கா ருக்கு ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே அத்திம்பேர், ஷ்வேதா, நான் மூவரும் சௌக்கியம். மஸ்கட்டில் உன் இருமல் நின்றதா? இங்கே வெங்காயம் விற்கிற விலையில் வெங்காய சாம்பார் வைத்து ஒரு மாதம் ஆகிறது.

ஷ்வேதா கல்யாணம் தை 28 என்று நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை ப்ரசன்னாவுக்கு குர்காவ்னில் வேலை. நல்ல பிள்ளை, பேச்சுதான் குறைவு.

அப்பா வாங்கி வைத்த வெள்ளிக் கட்டிகளை உருக்கிச் சீர்ப் பாத்திரம் பண்ணலாமா என்று கேட்டிருந்தேன். உருக்க வேண்டாம், அப்பா ஞாபகமாக அப்படியே இருக்கட்டும் என்று இரண்டு கடிதத்திலும் எழுதினாய். நான்தான் உன் பேச்சைக் கேட்கவில்லை.

தீபாவளிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு வருஷம் அப்பா வாங்கினவை. உருக்கக் கொடுப்பதற்கு முன் சோதித்துப் பாருங்கள் என்று மாடி வீட்டு லதா சொன்னாள். காந்தம் வைத்தேன், எதிலும் ஒட்டவில்லை. நல்ல வெள்ளி என்றால் ஐஸ் சட்டென்று கரையுமாம், பிறகு ஒவ்வொன்றின் மேலும் ஒரு ஐஸ் துண்டு வைத்தேன். ஒன்பதில் வைத்தவுடனே கரைந்து ஓடியது. மூன்றில் அப்படியே உட்கார்ந்திருந்தது. எடை எல்லாம் ஒன்றுதான். அந்த மூன்றும் மட்டும் அரை நூல் தடிமன் கூட.

மறுநாள் தனியாகவே சாந்தினி சௌக்கில் வெள்ளிக் கடைகள் இருக்கிற தரீபா தெருவுக்குப் போனேன். வெள்ளி உரைத்துப் பார்க்கிற பெரியவர் ஒருவர் அரத்தால் ஓரத்தைக் கீறி ஒரு சொட்டு ஆசிட் விட்டார். மூன்றும் பச்சையாக நுரைத்தன. வெள்ளியே இல்லை, ஜெர்மன் சில்வர் என்றார். திருப்பிப் பார்த்தவர், "பஹன்ஜி, இதை யாரோ முன்னாலேயே சோதித்திருக்கிறார்கள்" என்று அடிமூலையில் ஒரு பழைய அரக்கீறலைக் காட்டினார். கறுத்துப் போயிருந்தது. மற்ற ஒன்பதில் அது இல்லை.

கடைப் படியில் உட்கார்ந்து வருஷத்தை எண்ணிப் பார்த்தேன். 91-ல் அப்பா ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் இருந்த பதினெட்டு நாளும் நான் அங்கேதான் கிடந்தேன். கட்டிகள் இருந்த பீரோவின் சாவி உன்னிடம் இருந்தது. நீ ஆரம்பித்த கம்ப்யூட்டர் கிளாஸ் மூடின சமயம். அடுத்த மாதமே மஸ்கட் கிளம்பினாய்.

நீ போன பிறகு அப்பா ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி சாந்தினி சௌக் போய் வந்தார். தையல் பிரிந்தால் என்ன ஆகும் என்று நான் சத்தம் போட்டேன். கண்ணாடி மாற்றப் போனேன் என்றார். மூக்கில் இருந்தது பழைய கண்ணாடிதான். எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் இருந்தாரே, ஒரு வார்த்தை சொல்லவில்லை, சுந்தா. தினமும் தபால்காரனுக்காக பால்கனியில் நிற்பார். உன் முதல் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பார்க்கில் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் படித்துக் காட்டினார். மடிப்பில் கிழிந்ததை ஒட்டி வைத்தது நான்தான்.

கடைக்காரன் அப்பாவை ஏமாற்றிவிட்டான் என்று அத்திம்பேரிடம் சொல்லியிருக்கிறேன். அந்தக் கடையை மூடி எத்தனையோ காலமாயிற்று. இவர் போய்க் கேட்க இடமில்லை. மூன்றையும் பெரியவரிடமே பழைய உலோகத்தோடு போட்டுவிட்டேன். ஒன்பதில் குத்துவிளக்கும் தட்டும் வருகிறது, அது போதும். இதற்கு நீ பதில் எழுத வேண்டாம். எதுவும் அனுப்பவும் வேண்டாம்.

அப்பா காரியம் முடிந்த மறுநாளே பிளேன் ஏறினவன், ஐந்து வருஷமாக லீவு இல்லை என்று எழுதுகிறாய். மாலை மாற்றும்போது ஷ்வேதாவைத் தோளில் தூக்க மாமா வேண்டும். யாராவது ஒன்றுவிட்ட தம்பி தூக்கட்டுமே என்கிறார்கள். நான் சம்மதிக்கவில்லை. பெண் நல்ல கனம், இப்போதே சொல்லிவிட்டேன்.

நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும். எந்தத் தேதியில் ஏர்போர்ட்டுக்கு வர வேண்டும் என்று மட்டும் எழுது.

உன் அக்கா,
ருக்கு