வாடகை போக

ஜூன் 6

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நடப்பதையெல்லாம் கூட்டாமல் குறைக்காமல், உண்மையாகவே உங்களுக்கு எழுதப் போகிறேன். "எல்லாரும் சௌக்கியம்னு எழுதி முடி" என்கிறாள் அம்மா. அது உண்மையில்லை.

வீட்டுக்காரர் வாடகையை ஏற்றியதும், நீங்கள் ஞாயிற்றுக்கிழமையும் கொத்துக்கரண்டி பிடித்து மணியார்டரைக் கூட்டி அனுப்பினீர்கள் அல்லவா? போன வாரம் கணக்கெடுக்கும் அம்மையார் வந்தார். ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் இல்லை. யார் ஏழை என்று எழுதுவது அவர்தான். உங்கள் பணத்தையும் அம்மாவின் தையல் கூலியையும் கூட்டிப் பார்த்தார்.

"வறுமைக்கோட்டைத் தாண்டிட்டீங்களே!"

"கூடுனது அப்படியே வாடகைக்குப் போயிடுதுங்க" என்றேன்.

"வர்றதைத்தான் பாப்பா கேப்போம். போறது உங்க பாடு."

"வந்த கையோட போயிட்டா, அது எப்படிங்க வந்ததா ஆகும்?"

"நல்லா வாயாடுறா உங்க பொண்ணு" என்று சிரித்துக்கொண்டே எழுதிவிட்டுப் போனார்.

ஆக, வாடகை ஏறியதால் நாம் ஏழைகள் இல்லை, அப்பா. கட்டணத்துக்கு வழியில்லை. ஒன்பதாம் வகுப்போடு நின்று தைக்கப் பழகு என்கிறாள் அம்மா. அப்புறம் நீங்கள் என்னை வாத்தியாரம்மா என்று கூப்பிட முடியாது.

உங்கள் வாத்தியாரம்மா

ஜூன் 19

என் வாத்தியாரம்மாவுக்கு அப்பா எழுதுவது,

உன் கடிதத்தைச் சாரத்தில் நின்றபடியே படித்தேன். பணத்தைக் குறைத்தால் வீடு போகும். குறைக்காவிட்டால் உன் படிப்பு போகும். கூட வேலை செய்பவர் ஒரு வழி சொன்னார். மறுபடி கணக்கெடுக்கச் சொல்லி அம்மா மனு கொடுக்கட்டும். அந்த அம்மையார் வந்தால், அப்பா எங்களை விட்டுப் போய்விட்டார், பணம் வருவதில்லை என்று சொல்லிவிடுங்கள். இனிப் பணத்தைத் தையல் கடைக்காரர் பெயருக்கு அனுப்புகிறேன். பொய்தான், கோபிக்காதே கண்ணு. நீ படி.

அப்பா

ஜூலை 3

அன்புள்ள அப்பாவுக்கு,

சொல்லிவிட்டோம். அம்மா இல்லை, நான்தான் சொன்னேன். "பொண்டாட்டி புள்ளைய விட்டுட்டு ஓடுறவன்லாம் ஒரு மனுஷனா!" என்று அந்த அம்மையார் உங்களைத் திட்டினார். பக்கத்து வீட்டு அக்காவோ, "எனக்கு அப்பவே சந்தேகந்தான்" என்கிறாள். எதைச் சந்தேகப்பட்டாளோ!

கட்டணம் தள்ளுபடி. சந்தோஷம்தானே? உடனே பதில் போடுங்கள்.

உங்கள் வாத்தியாரம்மா

ஆகஸ்ட் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

பள்ளிக்கூடம் நன்றாகப் போகிறது. முன் வரிசையில்தான் உட்காருகிறேன். ஆனால் உங்களிடமிருந்து ஒரு வரியும் இல்லை, பணமும் இல்லை. கடைக்காரரைக் கேட்டால், "ஒண்ணும் வரலியேம்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவரை நம்புவதா வேண்டாமா என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. "எங்க போயிடப் போறாரு" என்று அவள் என்னிடம் சொல்கிறாள். பிறகு அதையே தனியாகவும் சொல்லிக்கொள்கிறாள்.

சாரத்தில் பார்த்துத்தானே நிற்கிறீர்கள்? கோபமென்றால் திட்டியாவது எழுதுங்கள். அன்று நான் சொன்னது பொய்தானே, அப்பா?

இன்னும் முழுதாக இருட்டவில்லை. வீட்டுக்காரர் யாரிடமோ வாடகை பற்றிப் பேசிக்கொண்டே படியேறி வருகிறார். நாங்கள் வீட்டில் இல்லை என்று நினைக்கட்டும் என்று அம்மா விளக்கை அணைத்துவிட்டாள்.