பழைய மெயிலில் வந்த குழந்தை

ஜூலை 14, செவ்வாய்

விளம்பரத் தொல்லை தாங்காமல் போன வருடம் புது மெயில் முகவரி தொடங்கினேன். வங்கி, ஆபீஸ் எல்லாவற்றிலும் மாற்றினேன். குழந்தையைத் தத்தெடுக்கப் பதிந்த இடத்தில் மட்டும் பழைய முகவரியே நின்றுவிட்டது.

இன்று ஒரு பில்லைத் தேடிப் பழையதைத் திறந்தேன். புடவைத் தள்ளுபடிகளுக்கு நடுவே, போன வாரம் வந்த மெயில். ஒன்பது மாதப் பெண் குழந்தை, படத்துடன். பதில் சொல்லக் கெடு முடிந்திருந்தது. உடனே போன் செய்தேன்.

"வேற குடும்பத்துக்குக் குடுத்தாச்சும்மா" என்றாள் அங்கிருந்த பெண்.

என் கணவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை முடிந்து வந்ததும் சொன்னேன். திட்டவில்லை.

"போட்டோ எதுனா வந்துகீதா? காட்டு."

காட்டினேன்.

"ரெண்டு பல்லு மொளைச்சிகீது பாரு" என்றார்.

அதற்கு மேல் எங்களால் பார்க்க முடியவில்லை. அழிக்கவும் முடியவில்லை.