அந்த மாத்திரை யாருக்காக?

சைதாப்பேட்டை,
4-8-2024

காவேரி அப்பாவுக்கு,

காவேரியோடு அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். போனை எடுக்கவில்லை என்று கோபப்படாதீர்கள். இந்த ஒற்றை அறை வீட்டில் எவ்வளவு மெதுவாகப் பேசினாலும் எல்லோர் காதிலும் விழும். அதனால் கேட்க வேண்டியதைத் தபாலில் கேட்கிறேன்.

துவைக்க எடுத்த உங்கள் சட்டைப் பையில் ஒரு மாத்திரை அட்டை இருந்தது. பாதி காலி. எதற்கான மாத்திரை என்று தெருமுனை மருந்துக்கடைக்காரரிடம் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமலே, "இது ஆம்பளைங்க சமாச்சாரம்மா, சாரையே கேட்டுக்கோங்க" என்றார். நின்ற இடத்திலேயே எனக்கு உடம்பு கூசிப்போனது.

ஒரு வருஷத்துக்கு மேலாக நீங்கள் சுவரைப் பார்த்துத்தான் படுக்கிறீர்கள். தொட்டால் அசதி என்கிறீர்கள். என்னிடம் வராத மனிதருக்கு இந்த மாத்திரை எதற்கு?

சனிக்கிழமை என்றால் கடையில் ஸ்டாக் எடுக்கிறார்கள் என்பீர்கள். பில் போடும் ஷகீலாவோடு நீங்கள் திருவல்லிக்கேணியில் பஸ்ஸை விட்டு இறங்கியதை எதிர்வீட்டு கங்கம்மா பார்த்திருக்கிறாள். நீங்கள் வேலை பார்க்கும் ரங்கநாதன் தெருக் கடையின் ஸ்டாக் திருவல்லிக்கேணியிலா இருக்கிறது?

பதில் எழுதுங்கள். வெளியில் சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

சந்திரிகா

*

மேற்கு மாம்பலம்,
8-8-2024

அன்புள்ள சந்திரிகா,

உன் கடிதம் கிடைத்தது. ஊரில் யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவாயா? அந்த மாத்திரை என்னுடையது இல்லை. குடோனில் வேலை பார்க்கும் முனியனுடையது. வீட்டில் வைக்கக் கூச்சமாக இருக்கிறது என்று என்னிடம் கொடுத்து வைத்தான். ஷகீலாவின் அம்மா வீடு திருவல்லிக்கேணியில். நான் வேறு வேலையாகப் போனேன். ஒரே பஸ், அவ்வளவுதான்.

நானும் ஒன்று கேட்கலாமா? முதலில் விலகிப் போனது யார்? நான் பக்கத்தில் வந்தாலே எரிகிறது, வலிக்கிறது என்று எழுந்து போய் ஹாலில் படுத்தவள் நீதானே? என்னைப் பிடிக்காமல் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். வேறு எவனையாவது மனதில் வைத்திருக்கிறாயோ என்றுகூட யோசித்தேன். நான் உன்னிடம் அதைக் கேட்டேனா?

கோபம் தணிந்ததும் வந்துவிடு. வீடு வீடாக இல்லை.

நந்தகுமார்

*

சைதாப்பேட்டை,
12-8-2024

காவேரி அப்பாவுக்கு,

முனியன் நேற்று சமாதானம் பேச இங்கே வந்திருந்தான். அவனைத் தனியாகக் கூப்பிட்டு அட்டையைக் காட்டினேன். "இன்னா மாத்திரை அண்ணி இது, தலவலிக்கா?" என்று கேட்டான். பொய் சொல்வதற்கு முன்னால் அவனிடமாவது சொல்லி வைத்திருக்கக் கூடாதா?

எனக்கு வேறு ஆள் என்று எழுத உங்களுக்குக் கை வந்ததே. சரி, என் சந்தேகத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த எரிச்சல், அரிப்பு, ஓயாத வலி எல்லாம் நீங்கள் வெளியிலிருந்து கொண்டுவந்த நோய் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். யாரிடம் சொல்வது? வேப்பிலைத் தண்ணீரில் கழுவிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அக்கா கேட்கிறாள், "தப்பு பண்ணாதவன் இன்னாத்துக்கு ஒளிச்சிக்கினு கீறான்?" இங்கே கோர்ட் பக்கத்திலேயே அவளுக்குத் தெரிந்த வக்கீல் இருக்கிறாராம். நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. உண்மையை எழுதினால் எழுதுங்கள். இன்னொரு பொய் என்றால் தபால் செலவு வேண்டாம்.

சந்திரிகா

*

மேற்கு மாம்பலம்,
16-8-2024

அன்புள்ள சந்திரிகா,

மாத்திரை என்னுடையதுதான். உனக்காகத்தான் வாங்கினேன்.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. அப்பா இறந்த வருஷமே தெரியும். சர்க்கரையால் காலை எடுத்து அவர் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு, அந்தப் பெயரையே நம் வீட்டில் சொல்லக் கூடாது என்று மறைத்துவிட்டேன். மருந்தும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. போகப் போக அந்த விஷயத்தில் உடம்பு என் பேச்சைக் கேட்கவில்லை. ஆசை போகவில்லை சந்திரிகா, உடம்புதான் வரவில்லை. பாதியில் தோற்றுப் போவதை நீ பார்த்துவிடுவாயே என்று பயந்துதான் சுவர்ப் பக்கம் திரும்பினேன். யாரையும் கேட்காமல் மாத்திரை வாங்கினேன். அதைப் போட்டுக்கொண்ட அன்றெல்லாம் நெஞ்சு படபடத்தது. உன் பக்கம் வரத் தைரியமில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

கடையில் ஒருநாள் மயங்கி விழுந்தேன். ஷகீலாவின் அம்மாவும் சர்க்கரைக்காரர். திருவல்லிக்கேணியில் அவர் காட்டிக்கொள்ளும் டாக்டரிடம்தான் அந்தப் பெண் என்னைக் கூட்டிப்போனாள். சர்க்கரை என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

டாக்டர் ஒரு பெண்மணி. ரொம்ப நாள் கட்டுப்பாடில்லாமல் இருந்தால் ரத்தக்குழாயும் நரம்பும் கெட்டு இப்படி ஆகும், நிறைய பேருக்கு இருக்கிறது, வைத்தியமும் இருக்கிறது என்றார். இதயத்தைப் பரிசோதிக்காமல், வேறு மருந்தோடு சேருமா என்று கேட்காமல் அந்த மாத்திரையைத் தொடலாமா என்று திட்டினார்.

உன் கடிதம் வந்த பிறகு மறுபடி போய் உன் எரிச்சலைப் பற்றிக் கேட்டேன். "ஆம்பளைங்களாவது லேட்டா வந்து சொல்றீங்க. லேடீஸ் சொல்றதே இல்ல. அவங்களுக்கு சுகர் பாத்தீங்களா?" என்றார். சர்க்கரை ஏறினால் பெண்களுக்கும் அடிக்கடி பூஞ்சைத் தொற்று வருமாம், வறண்டுபோய் வலிக்குமாம், ஆசையும் குறையுமாம். என் மேல் நம்பிக்கை வேண்டாம். ரத்தப் பரிசோதனை மட்டும் செய்துகொள்.

நந்தகுமார்

*

சைதாப்பேட்டை,
22-8-2024

காவேரி அப்பாவுக்கு,

பரிசோதனை செய்தேன். எனக்கும் இருக்கிறது. உங்களைவிட எனக்குக் கூடுதலாக இருந்தாலும் இருக்கும். இங்கே ஒரு லேடி டாக்டரிடம் காட்டினேன். நீங்கள் எழுதியதைத்தான் அவரும் சொன்னார். தொற்றுக்கு மருந்து கொடுத்திருக்கிறார். எரிச்சல் குறைந்திருக்கிறது.

அழுகை வந்தது. நோய்க்காக இல்லை. சர்க்கரை என்ற ஒரு வார்த்தையை நீங்கள் அன்றே வீட்டில் சொல்லியிருந்தால் நானும் பரிசோதித்திருப்பேன். நீங்கள் உங்கள் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டீர்கள். நான் உங்களைக் கெட்டவன் என்றும், என் உடம்பை அசிங்கம் என்றும் நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன்.

வக்கீல் வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன். ஆனால் முனியன் கதையையும் இதே கையெழுத்தில்தானே எழுதினீர்கள்? சந்தேகம் ஒரே நாளில் போகாது. இந்தச் சனிக்கிழமை அந்த டாக்டரிடம் நானும் வருகிறேன். நீங்கள் சொன்னதெல்லாம் உண்மையா என்று நானே கேட்பேன். என்னை வெளியே உட்கார வைக்கக் கூடாது.

சந்திரிகா

*

மேற்கு மாம்பலம்,
23-8-2024

அன்புள்ள சந்திரிகா,

தபால் உன் கைக்கு வருவதற்குள் சனிக்கிழமை வந்துவிடும். அதனால் முனியனிடமே கொடுத்தனுப்புகிறேன். இந்தத் தடவை அவனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறேன்.

நீ முதலில் உள்ளே போ. உன்னிடம் எதையும் மறைக்க வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கேள். நான் வெளியே உட்கார்ந்திருக்கிறேன். நீ கூப்பிட்டால் வருகிறேன்.

நந்தகுமார்